நாயகன் தோற்கலாமா?

ஒரு நடிகரின் படங்களையெல்லாம் முதற்படம் தொடங்கி இறுதிப்படம் வரை வரிசையாகப் பார்ப்பது. படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து அதைப்பற்றி வாதிடுவது. சிந்திக்கத் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய காரியந்தானா இது? அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் நண்பர்கள் ஐவர் மூன்று ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்டர் என்றால் தோட்டம் முழுவதும் தெரியும். இன்னொருவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக நெடுநாள் இருந்தவர். மூன்றாமவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணி. எங்கள் எல்லோருக்கும் அக்கா. நான்காமவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்து, விடுமுறைக்கு மட்டும் வீடு வரும் இளைஞர். ஐந்தாமவன் நான். நடிகர் யாரென்று மலையகத்து வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்: எம். ஜி. ராமச்சந்திரன்.

இதைக் கேள்வியுற்ற ஒரு முற்போக்கு நண்பர் எங்களைக் கடிந்துகொண்டார். கூலிக்காக மக்கள் போராடும் மண்ணில் இது என்ன வீண்வேலை என்றார். அவர் கோபத்தில் நியாயமுண்டு. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015 இல் எழுந்தது. கைக்கு வந்தது 2021 இல். வந்தபோது அந்த ஆயிரத்தின் பெறுமதி எங்கோ போய்விட்டிருந்தது. ஆனால் நண்பரின் கோபத்துக்குள்ளே ஓர் அறநெறிக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை. வாழ்க்கையில் தோற்றுக்கொண்டே இருக்கும் மக்கள், திரையில் ஒருபோதும் தோற்காத ஒருவனைப் பார்த்து மகிழ்வது நேர்மையான மகிழ்ச்சிதானா? அது அவர்களுக்குச் சோறா, கள்ளா? இந்தக் கேள்விக்கு ஒரு படத்தைப் பார்த்து விடை கூற இயலாது. எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். தனியாகப் பார்த்தாலும் பயனில்லை. மறுத்துப் பேச நாலுபேர் பக்கத்தில் வேண்டும்.

வரிசையாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு முதற்படியிலேயே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அவருடைய முதற்படம் 1936 இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எஸ். எஸ். வாசனின் கதை, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. எம். கே. ராதா கதாநாயகன். நம்மவருக்குக் கிடைத்ததோ ரங்கையா நாயுடு என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரின் சிறிய வேடம். குடியால் மதி கெட்ட கதாநாயகன், கொலை செய்துவிட்டதாக அஞ்சி ஊரைவிட்டு ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைக்கு. என்னவாகிறான்? தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான்! ஆகவே அவர் திரையில் தோன்றிய முதற்கதையே எங்கள் மலைக்கு வந்துபோன கதை. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. எங்களைச் சொன்ன படம் அழிந்துபோயிற்று.

அதற்குப் பின் வந்த 130க்கும் மேற்பட்ட படங்களில் அவர் எத்தனையோ வகை உழைப்பாளியாக வந்தார். ‘படகோட்டி’யில் (1964) மீனவர், ‘விவசாயி’யில் (1967) உழவர், ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) பெயரே சொல்லும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியாக, நாங்கள் பார்த்தவற்றுள் ஒன்றிலேனும் அவர் வரவில்லை. அவரோ 1917 இல் கண்டிச் சீமையில் பிறந்தவர். தகப்பனை இழந்து, தாயோடு கடல்கடந்து கும்பகோணம் போய், வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ‘எங்க ஊருப் புள்ள’ என்று எங்கள் பாட்டிமார் அவரைச் சொந்தம் கொண்டாடினார்கள். திரையில் அவர் எங்களைச் சொந்தம் கொண்டாடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

தோட்டத்து மக்கள் அவருடைய படங்களைப் பார்த்த விதம் தனி. சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமையானால் அட்டனுக்கோ தலவாக்கலைக்கோ நடை, கொட்டகையில் கலரி. திருவிழாக் காலத்தில் கோயில் மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி ஓட்டுவதும் உண்டு. பிறகு ‘டெக்’ வாடகைக்கு வந்தது. ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி. ஒரு காம்பராவில் ஐம்பது தலை. இன்று எங்களுக்கு இளைஞரின் மடிக்கணினி போதுமானதாயிருக்கிறது. சிவாஜி கணேசனுக்கும் தோட்டங்களில் அபிமானிகள் குறைவில்லை. அழவேண்டியவர்கள் அவரிடம் போனார்கள். ஜெயிக்கவேண்டியவர்கள் இவரிடம் வந்தார்கள் என்று மாஸ்டர் சொல்லுவார். அவர் சிவாஜி கட்சி என்பதால் இந்தத் தீர்ப்பைச் சற்றுக் கழித்துக் கொள்ளலாம்.

ஜெயிப்பது என்பது இந்தப் படங்களின் முதல் விதி. இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதை ‘பாசம்’ (1962) படம் காட்டிற்று. அதில் கதாநாயகன் இறுதியில் இறந்துபோகிறான். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. படம் நினைத்தபடி ஓடவில்லை. அக்காவிடம் இதைப்பற்றிக் கேட்டோம். “அவரும் செத்துப்போனா நம்ம எதுக்குக் காசு குடுத்துப் போகணும்? சாவு நம்ம லயத்துலயே இருக்கே” என்றார். ரசிக மனோபாவத்தைப் பற்றி எழுதப்பட்ட பெரிய பெரிய ஆராய்ச்சிகளுக்கு நடுவே இந்த வாக்கியத்துக்கும் ஓர் இடம் கொடுக்கவேண்டும்.

ஆனால் இளைஞர் உடனே மறித்தார். “மதுரை வீரன் படத்தில் சாகிறாரே! அது மட்டும் எப்படி ஓடிற்று?” நல்ல கேள்வி. 1956 இல் வந்த ‘மதுரை வீரன்’ அவருடைய பெருவெற்றிகளுள் ஒன்று. அதில் நாயகன் தண்டிக்கப்பட்டு மாள்கிறான். நெடுநேரம் வாதிட்டு நாங்கள் கண்ட விடை இது. மதுரை வீரன் எங்கள் தோட்டங்களில் மக்கள் கும்பிடும் தெய்வம். முனியாண்டியையும் மாரியம்மனையும் போல, தொழிற்சாலையின் சக்கரத்தோடு சேர்ந்து பிறந்த ரோதைமுனியையும் போல, அவன் உடனிருக்கிறவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன்தான் தெய்வமானான். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் மக்களுக்கு, எரிந்த காமன் ரதியின் வேண்டுதலால் எழுப்பப்படுவான் என்பதும் தெரியும். ஆகவே சாவை ஏற்காதவர்கள் என்று அவர்களைச் சொல்வது தவறு. வெறுமனே முடிந்துபோகும் சாவைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. பாட்டும் பூசையும் தொடர்ந்து வருகிற சாவை அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்று வந்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி, கனமான குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். 1972 இல் ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்ற குறுநாவலை எழுதினார். ஒரு நடிகர்மீது மோகம் கொண்ட ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் வாழ்க்கை எப்படிச் சீரழிகிறது என்பது கதை. அந்த நடிகர் யாரென்பதில் வாசித்த எவருக்கும் ஐயம் எழவில்லை. பின்னர் 1992 இல் ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் ஒரு நூல் எழுதினார். தமிழில் அது ‘பிம்பச் சிறை’ என்று பெயர் பெற்றது. திரையில் ஏழைக்காகப் போராடும் பிம்பம், அரசியலில் ஏழைக்குச் சாதகமில்லாத ஓர் ஆட்சிக்கு ஏழையின் வாக்கையே பெற்றுத் தந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். நாயகன் அநியாயக்காரன் ஒருவனைத் தண்டிக்கிறான்; நிலமும் ஆலையும் யாருடையன என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது என்று அவர் காட்டினார். முற்போக்காளர்களுக்கு இவ்விரண்டும் பழக்கமான வாதங்கள். பெருமளவுக்கு உண்மையும்கூட.

ஆனால் இரண்டும் தமிழ்நாட்டு ரசிகனைப் பற்றியவை. அவன் கையில் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. எங்கள் மக்களின் நிலை என்ன? 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினர்கள் பாராளுமன்றம் சென்றார்கள். தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர் கதாநாயகனாக உயர்ந்தது 1947 இல் ‘ராஜகுமாரி’யோடு. அதாவது, அவருடைய நட்சத்திரம் ஏறிய அதே ஆண்டுகளில் எங்கள் மக்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்களானார்கள். 1958 இல் ‘நாடோடி மன்ன’னில் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்காக அவர் சட்டங்கள் இயற்றியபோது, கலரியில் இருந்து கைதட்டியவர்களுள் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். தமிழ்நாட்டில் அந்தக் கைதட்டல் மன்றமாயிற்று, கட்சியாயிற்று, 1977 இல் கோட்டையாயிற்று. இங்கே அது கைதட்டலாகவே நின்றது. ஏமாற்றிப் பறிக்க எங்களிடம் வாக்கு இல்லை. ஆகவே ‘பிம்பச் சிறை’யின் குற்றப்பத்திரிகையில் எங்கள் மக்களின் பெயரை அப்படியே எழுதிவிட முடியாது.

பறிக்க ஒன்றுமில்லாதவர்களிடம் அந்தப் படங்கள் என்ன செய்தன? இதற்கு ‘ஆயிரத்தில் ஒருவ’னைப் பார்க்கவேண்டும்.

பி. ஆர். பந்துலுவின் அந்தப் படம் 1965 ஜூலையில் வெளிவந்தது. கதாநாயகன் மணிமாறன் ஒரு மருத்துவன். கிளர்ச்சிக்காரர்களுக்குச் சிகிச்சை செய்த குற்றத்துக்காக அவர்களோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டு, கடல்கடந்து ஒரு தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். இந்தக் கதைச்சுருக்கத்தை மலையகத்தார் ஒருவர் சலனமின்றிப் படிக்க முடியுமா? கடல், தீவு, விலைபோன மனிதர்கள், வேலை வாங்கும் எசமான்! மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழியில் செத்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லாமல் விட்டு வந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கங்காணியிடம் பட்ட கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளியை மாற்றிய ‘துண்டு’ முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1965 இல் அதை நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்துக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மிஞ்சியவர்களை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில், ஒரு தீவில் விற்கப்பட்ட அடிமைகள் திரையில் விடுதலை கேட்கிறார்கள். எங்கள் தலைவரின் தகப்பனார் அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்தாராம். பத்தாம் முறை பார்க்காததற்குக் காரணம் கப்பல் டிக்கெட் என்கிறார் மகன்.

இப்படிப் பார்த்தவனைக் கனவில் மயங்கினான் என்று சொல்லிவிடலாமா? அவன் தன் வழக்கை எடுத்துரைக்க ஒரு மன்றம் தேடினான்; நாட்டில் எந்த மன்றமும் அவன் பெயரை ஏற்கவில்லை. மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, தன் வழக்கு எடுத்துரைக்கப்படுவதையும் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பாவதையும் கேட்டுவிட்டு வந்தான். தீர்ப்பு அமுலாகாது என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மறுநாள் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றவன் அவன். அரைப்பேர் போட்டால் எதிர்த்துக் கேட்கவேண்டும் என்ற உணர்ச்சியில் ஒரு துளியாவது அந்த இருட்டிலிருந்து வந்திருந்தால், அதை நான் கள் என்று சொல்லமாட்டேன். கள்ளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லி வைக்கலாம். திரையில் அவர் குடிப்பதைத் தவிர்த்தார். தோட்ட வாசலில் தவறணை இருக்கும் எங்கள் ஊரில், பிள்ளைக்குப் பயமின்றிக் காட்டக்கூடிய ஓர் ஆண்மகனாக அவர் தாய்மார்களுக்குத் தோன்றினார். இது சிறிய விஷயமல்ல.

எனினும் ஒரு கணக்கு நேராகவில்லை. மணிமாறன் ஏன் மருத்துவனாக இருக்கவேண்டும்? மதுரை வீரன் செருப்புத் தைக்கும் தம்பதியர் வளர்த்த பிள்ளை. ஏன் பிறப்பால் மட்டும் அரசகுமாரனாக இருக்கவேண்டும்? மாஸ்டர் எழுப்பிய கேள்வி இது. அடிமைகளுக்குள்ளிருந்து, அடிமையாகவே பிறந்த ஒருவன் ஏன் தலைவனாக எழவில்லை? ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) பார்த்த இரவு இதே வாதம் வேறு உருவில் வந்தது. ஒரே முகமுள்ள இருவர். கோழையாக வளர்ந்த பணக்காரன் ஒருவன், துணிச்சல் மிக்க ஏழை ஒருவன். ஏழை மாளிகைக்குள் வருகிறான், கொடியவனின் கைச்சவுக்கு அவன் கைக்கு மாறுகிறது, கொட்டகை அதிர்கிறது. அக்கா கேட்டார்: “சவுக்க வாங்கினாரு, சரி. கொண்டு போயி அடுப்புல போட்டாரா?” தலைவர் விடவில்லை. “முதல்ல கையிலருந்து புடுங்கணும்ல அக்கா? அடுப்பு அப்புறம்.” இவ்விருவருக்குமிடையே அன்று நடந்த வாக்குவாதத்தை இங்கே முழுமையாகத் தர இடமில்லை. முதலில் பறித்தல், பிறகு எரித்தல் என்று வரிசை போட்டவர்கள் பறித்ததோடு நின்றுவிட்ட கதையை, ஒரு நடிகரின் படங்களில் மட்டுமா உலகம் கண்டது? தொழிற்சங்க மேடைகளில் சவுக்குக்குப் பதிலாக மாலை கைமாறுவதையும் அக்கா சேர்த்துச் சொன்னார். தலைவர் சிரித்தார், மறுக்கவில்லை.

நடிகருக்கு இந்த மக்களிடம் ஒரு கடன் இருந்ததா? எங்களுக்குள் மிகவும் கசப்பான விவாதம் இதுதான். 1965 இல் அவர் சரோஜாதேவியோடு இலங்கை வந்தபோது மக்கள் வெள்ளம் போல் திரண்டது. பிறகு கலரியிலிருந்த அந்த மக்களே தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984 இல் அந்தக் கப்பல் நிற்கும்வரை இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 1977 முதல் 1987 இல் மறையும்வரை அவர்களுடைய நாயகன் அந்த நாட்டை ஆண்டார். நீலகிரியில் அவர்களுக்காக 1968 இலேயே அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இலங்கையில் கொழுந்து பறித்தவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அந்த வேலையும் கிடைக்காமல், கொடைக்கானல் மலைகளில் மரம்வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் கடன்பட்டுக் கொத்தடிமைகளானவர்களும் உண்டு. திரையில் அடிமைகளை மீட்டவரின் ஆட்சியிலே, திரையை நம்பியவர்கள் அடிமைகளானார்கள் என்பது மாஸ்டரின் வாதம். தலைவரின் மறுமொழி: 1982 இல் அவர் கொண்டுவந்த சத்துணவைத் தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும்தானே உண்டார்கள்? சிறுவயதில் பசித்தவன் நினைவு வைத்திருந்து போட்ட சோறு அது. இலங்கையில் 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் எங்கள் மக்கள் பட்டினியால் மடிந்தபோது அப்படி நினைத்துப் போட யார் இருந்தார்கள்? இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை அடித்துவிட நான் ஒப்பவில்லை. சோறு போட்ட கை கட்டவிழ்க்கவில்லை என்பதற்காகச் சோறு பொய்யாகாது. சோறு போட்டது என்பதற்காகக் கட்டும் அவிழ்ந்ததாகாது.

இந்தக் கணக்குகளையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். தோற்காத நாயகன் எங்கள் மக்களுக்குச் செய்த தீங்கு, மயக்கம் கொடுத்ததுமல்ல, ஏமாற்றியதுமல்ல. தோற்றவர்களை மதிக்காமலிருக்க அவன் பழக்கினான். வெல்வதே நியாயத்தின் அடையாளம் என்று 130 படங்கள் சொன்னால், தோற்றவனிடம் ஏதோ குற்றமிருக்க வேண்டும் என்று மனம் தானாகவே முடிவுகட்டுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோற்ற ஒரு மக்கள் கூட்டம் இப்படி முடிவு கட்டினால் யாரை இகழும்? தன் பாட்டனைத்தான். கப்பலேறிப் போனவர்களைப் போக்கற்றவர்கள் என்று இங்கே சொன்னோம். அங்கே ‘சிலோன்காரன்’ என்று சொன்னார்கள். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் கண்டவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள், மேடையேறிப் பெண்கள் பேசவும் தயங்கிய காலத்தில், தொழிலாளரிடையே பாட்டுப் பாடிக் கிளர்ச்சியூட்டியவர். நடேசய்யர் 1947 தேர்தலில் தோற்றார், அவ்வாண்டே மறைந்தார். எங்கள் இளைஞருக்கு ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எந்த ஆண்டு வந்தது என்பது தெரியும். மீனாட்சியம்மாள் என்ற பெயரை எங்கள் விவாதத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார். குற்றம் இளைஞருடையது அல்ல.

எங்களைப் பற்றிய படங்களே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன. 1963 இல் இலங்கையிலேயே ‘தோட்டக்காரி’ எடுக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் 1975 இல் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்துத் தாமே நடித்தார். ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’ ஆகியவை பின்னர் வந்தன. தொழிற்சங்கத் தலைவரே கதாநாயகன்! இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் நடையிலும் உடையிலும் சண்டையிலும் நாம் காண்பது பெரும்பாலும் தென்னிந்திய நாயகனின் நிழல்தான். மண் எங்களுடையது, அதன்மேல் நடந்த கால் இரவல். ஆயினும் அந்தப் படங்களை நான் மதிக்கிறேன். கொழுந்துக்கூடை அவற்றில் அலங்காரப் பொருளாக வரவில்லை.

வரிசை தவறாமல் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒன்றை, தனித்தனியாகப் பார்த்த எவரும் பெற்றிருக்க முடியாது. 1967 ஜனவரி 12 அன்று அவர் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்கார’னில் அந்தக் குரலைக் கேட்டோம். முந்திய வாரம் வரை மணிபோலக் கேட்டுவந்த குரல் தழுதழுத்து, சொற்கள் ஒன்றன்மேலொன்று இடறின. இரவற்குரல் வைத்துக்கொள்ளாமல் அந்தக் குரலிலேயே அவர் பத்தாண்டுகளுக்கு மேல் நடித்தார். 1978 இல் வந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய’னில் பாண்டிய மன்னனாக வந்ததும் அந்தக் குரலோடுதான். திரைக்குள்ளே நாயகன் வழக்கம்போல் வென்றுகொண்டிருந்தான். ஆனால் வாய் திறந்தபோதெல்லாம் ஓர் உடம்பு பட்ட அடி கேட்டது. கதையாசிரியர் எவரும் அனுமதிக்காத தோல்வி, தொண்டை வழியாகப் படத்துக்குள் புகுந்துவிட்டது. ரசிகர்கள் அந்தக் குரலை ஒதுக்கினார்களா? இல்லை. முன்னைவிட அதிகமாக நேசித்தார்கள். “பேச முடியாமப் பேசுறாரு பாருங்க” என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘பாச’த்தில் அவர் சாவதை ஒப்பாத அதே அக்கா!

தோல்வியை ஏற்கும் சக்தி எங்கள் மக்களுக்கு இல்லை என்று எண்ணியவர்கள் படத்தயாரிப்பாளர்கள். மக்களுக்கு அது எப்போதும் உண்டு. மதுரை வீரனின் வெட்டுண்ட கைக்குப் பூ வைத்தவர்கள் அவர்கள்.

அன்றிரவு பேச்சு முல்லோயாவுக்குப் போயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது போலீசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தான். ‘சதி லீலாவதி’ வந்து நான்கு ஆண்டுகளுக்குள், தோட்டக்கூலியும் போலீஸ்காரனும் திரைக்கு வெளியே சந்தித்த சந்திப்பு அது. இளைஞர் கேட்டார்: “அப்படியானால் கோவிந்தன் வென்றாரா, தோற்றாரா?” அந்த ஆண்டிலேயே தோட்ட முதலாளிகளும் சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்ததை மாஸ்டர் எடுத்துக்காட்டி, வென்றான் என்றார். செத்தவனுக்கு ஒப்பந்தம் எதற்கு, தோற்றான் என்றுதான் சொல்லவேண்டும், அப்படிச் சொன்னால்தான் அவனுக்கு மரியாதை என்றார் தலைவர். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கோவிந்தனுக்குப் பெண்டு பிள்ளை இருந்ததா என்று கேட்டார். எங்களுள் ஒருவரும் அதைப் படித்து வைத்திருக்கவில்லை. மாஸ்டர் தம்மிடமுள்ள பழைய புத்தகங்களில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அடுத்த படத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம்.